தவில்காரர் படத்தில் விழுந்த மாலை

நம் கண்காட்சி மண்டபத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தங்கச்சிகளுக்கும் தம்பிகளுக்கும் எழுதுகிறேன். எனக்குப் பிரியாவிடை கொடுத்த அன்று மைக்கைக் கையில் திணித்து, அனுபவத்தைச் சொல்லுங்கள் என்றீர்கள். எல்லாருக்கும் நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் இல்லை. ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து என் வாயையே பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தேன். அங்கேயும் அப்படித்தான். விடை தெரிந்தாலும் எழுந்து நிற்க மாட்டேன். காகிதம் பரவாயில்லை, அது என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால் எழுதித் தருகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

ஆணி எங்கே அடிப்பது, கயிறு எவ்வளவு விடுவது, மழைக்காலத்தில் எந்தச் சுவர் வியர்க்கும், இதெல்லாம் வேலை செய்யச் செய்ய உங்களுக்கே வந்துவிடும். அதை எழுதி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. நம் வேலையில் கஷ்டமானது படங்கள் அல்ல. படங்கள் மாட்டிய இடத்தில் சும்மா இருக்கும். படத்துக்கு முன்னால் வந்து நிற்கிற மனிதர்கள்தான் கஷ்டம்.

நான் சேர்ந்த புதிதில் ஒருவர் கையில் ஐஸ் கச்சாங் கிண்ணத்தோடு உள்ளே வந்துவிட்டார். நல்ல உயரம், நல்ல பருமன். ஒரு நீர்வண்ணப் படத்துக்கு மூக்கு படும் தூரத்தில் நின்றுகொண்டு, கரண்டியால் அதைக் காட்டிக் காட்டித் தன் மனைவியிடம் பேசினார். 'சார், தள்ளி நில்லுங்க' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அவருக்கும் படத்துக்கும் நடுவில் போய் நின்றேன். அவர் ஒரு அடி பின்னால் போனார். நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். இப்படியே அவரை வாசல் வரை கொண்டுபோய்விட்டேன். கடைசி வரை அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை. எல்லாவற்றுக்கும் பேச்சுத் திறமை வேண்டும் என்று பயப்படாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். பக்கத்தில் போய் நின்றாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மீதிப் பாதி முடியாமல் திண்டாடிய நாள் ஒன்று உண்டு. அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன்னால் நம் மண்டபத்தில் ஓர் ஓவியரின் கண்காட்சி நடந்தது. அவர் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்ப்பவர். ஓய்வு நாள்களில் வரைவார். வரைந்தது எல்லாம் வாத்தியக்காரர்கள்தான். மேடையில் பட்டு உடுத்தி உட்கார்ந்திருப்பவர்களை அவர் வரையவில்லை. திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் ஓரமாக நின்று வாசித்துவிட்டு, சோற்றுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறவர்களைத்தான் வரைந்தார். நாதஸ்வரக்காரர் ஒருவர், தைப்பூசத்துக்கு உருமி அடிக்கிறவர், ஆர்மோனியம் வாசிக்கிற முதியவர், மாதா கோயிலில் வயலின் வாசிக்கிற அம்மா, சீன நாடகக் கொட்டகையில் இரண்டு கம்பி வாத்தியம் வாசிக்கிற கிழவர் என்று பலர்.

விற்கும் படங்களின் பணம் முழுவதும் ஒரு டயாலிசிஸ் நிலையத்துக்கு. காசு கட்ட முடியாதவர்களுக்கு ரத்தம் சுத்தம் செய்கிற இடம் அது. ஓவியரின் தங்கச்சியும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தார். ஓவியர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். யாரை வரைந்தாரோ அவர் நேரில் வந்து தன் படத்தைப் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அந்தப் படத்தை இறக்கிவிடுவார், விற்க மாட்டார்.

எல்லாவற்றிலும் பெரிய படம் ஒரு தவில்காரருடையது. நிபோங் திபால்காரர். அடித்து முடித்துவிட்டுத் தவில் மேல் கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தவில் அடிக்க விரல்களில் மாட்டிய கூடு இன்னும் கழற்றாமல் இருக்கும், கழுத்தில் வியர்வை. அதை வாசலைப் பார்த்த சுவரில் மாட்டினோம். கெப்பாலா பத்தாஸில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் கைப்பேசியில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, தனக்குத்தான் வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். நிலையத்தில் ஒரு பழைய மிஷின் அடிக்கடி நின்றுபோகிறதாம். அந்தப் பெரிய படம் விற்றால் புதியதற்கு ஆர்டர் கொடுத்துவிடலாம் என்று நம்பிக்கையோடு இருந்தார்கள்.

தவில்காரருக்கு நெஞ்சில் அடைப்பு. அடுத்த வாரம் ஆபரேஷன். அது எங்களுக்கு முன்பே தெரியும். திறப்பு விழாவில் அவர் அதிக நேரம் நிற்கக் கூடாது என்று ஓவியர் சொல்லியிருந்ததால் நாற்காலி போட்டு வைத்திருந்தோம்.

கண்காட்சிக் கமிட்டித் தலைவியாக இருந்தவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். வருகிற வாத்தியக்காரர்களுக்கு வாசலில் மாலை போட்டு வரவேற்க வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. லிட்டில் இந்தியாவில் சொல்லி வைத்து, காலையிலேயே பூக்கூடை பின்வாசல் வழியாக வந்துவிட்டது. பெரிய குத்துவிளக்கு ஒன்றையும் இரவல் வாங்கி வந்து, வாசலுக்கு நேராக, தவில்காரர் படத்துக்கு அடியில் வைத்திருந்தார்கள்.

நான் வெளியே அஞ்சடி நடைபாதையில் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே படங்களுக்கு லைட் திருப்பிக்கொண்டிருந்தது சியூ லான். என்னோடு பல வருடம் வேலை செய்த சீனப் பெண். இரண்டு பிள்ளைகளின் தாய், குரங்கு மாதிரி ஏணி ஏறுவாள். கூடையைத் திறந்து பார்த்திருக்கிறாள். படத்துக்கு ஒன்று என்று சரியாக இருந்திருக்கிறது. யாரும் ஒன்றும் சொல்லாமலே, ஏணியைப் போட்டு எல்லாப் படங்களுக்கும் மாலையை மாட்டிவிட்டாள். அது எனக்குத் தெரியாது.

தீவுக்கு வரும் பாலத்தில் நெரிசல் இல்லாததால் தவில்காரரும் அவர் மனைவியும் எல்லாருக்கும் முன்னால் வந்துவிட்டார்கள். மருமகன் காடியில் இறக்கிவிட்டுப் பார்க்கிங் தேடிப் போனார். மனைவி பெயர் பாக்கியம். நிபோங் திபால் பசாரில் மசாலா அரைத்து விற்கிற கடை வைத்திருப்பவர். நான் கதவைத் திறந்து, வாங்கக்கா, வாங்கண்ணே என்று பின்பக்கமாகவே நடந்து அவர்களை உள்ளே கூட்டிப் போனேன். அதனால் நான் முதலில் பார்த்தது பாக்கியம் அக்காவின் முகத்தைத்தான். அந்த முகத்தைப் பார்த்துத்தான் திரும்பினேன்.

தவில்காரர் சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறார். மேலே ரோசாப்பூ மாலை. கீழே குத்துவிளக்கு. இரண்டு பக்கமும் வரிசையாகப் படங்கள், எல்லாவற்றுக்கும் மாலை. நம் வீடுகளில் இறந்துபோனவர்கள் படத்தை எப்படி வைத்திருப்போமோ அப்படியே. ஒரு பொட்டு வைக்காததுதான் குறை.

"இது யாரு படம்?" என்று பாக்கியம் அக்கா கேட்டார். தெரிந்துதான் கேட்டார்.

"நாந்தான், வேற யாரு" என்றார் தவில்காரர். "நல்ல மாலையாத்தான் போட்டிருக்காங்க."

"வாய மூடுங்க."

"இருக்கும்போதே பாத்துக்கிட்டேன். எத்தனை பேருக்குக் கெடைக்கும்?"

"வாய மூடுங்கன்னு சொன்னேன்."

பாக்கியம் அக்கா திரும்பி வெளியே போய், அஞ்சடியில் நான் துடைத்து வைத்த நாற்காலியில், ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். தவில்காரர் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் வாசலில் நின்றார்.

என் கை தானாக மாலையை இழுக்கப் போனது. ஏணிகூடப் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் நிறுத்திக்கொண்டேன். ஏன் என்று அப்போது எனக்கே தெளிவாகத் தெரியவில்லை, பிறகு யோசித்துப் பார்த்துத்தான் புரிந்தது. நான் பதறி அடித்து இழுத்துப் போட்டிருந்தால், ஆமாம், அது சாவு மாலைதான் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகியிருக்கும். கணவர் நெஞ்சைத் திறக்க நாள் குறித்து வைத்திருக்கிற ஒரு பெண்ணின் எதிரில் அப்படிச் செய்யலாமா? செய்ததை மறைக்கிற அவசரத்தில்தான் நாம் பாதித் தப்புகளைப் பெரிதாக்குகிறோம்.

அதற்குள் டீச்சர் சந்தனத் தட்டோடு வந்தார். பார்த்ததும் அவருக்கும் புரிந்துவிட்டது.

"நான் போய்ப் பேசறேன்" என்றார் மெதுவாக. "கலைஞர்களுக்கு நாங்க செய்யற மரியாதை இதுன்னு சொல்லிடலாம். யோசிச்சு, வேணும்னேதான் போட்டோம்னு சொன்னா கோபம் போயிடும்."

"வேணாம் டீச்சர்" என்றேன்.

டீச்சரை எதிர்த்து நான் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் கோபப்படவில்லை. "ஏன்?" என்று கேட்டார்.

"தெரியாம போட்டாங்கன்னா மன்னிச்சிடுவாங்க. வேணும்னே போட்டாங்கன்னு தெரிஞ்சா, ஆஸ்பத்திரி வாசல்லயும் அதையேதான் நெனச்சிக்கிட்டு ஒக்காந்திருப்பாங்க."

டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு, பட்டுப் புடவையைச் செருகிக்கொண்டு, "அப்ப முதல்ல இந்த விளக்கை நகர்த்துவோம், பிடிங்க" என்றார். எனக்கு விளக்கு ஞாபகமே வரவில்லை. இரண்டு பேரும் தூக்கி வாசல் ஓரமாக வைத்தோம்.

சியூ லான் பின்னால் டீ கலக்குகிற அறையில் நின்றுகொண்டிருந்தாள். ஏதோ தப்பாகிவிட்டது என்று மட்டும் தெரிந்திருந்தது. நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம். எங்கள் ஆட்களில் உயிரோடு இருப்பவர்களுக்குக் கழுத்தில் மாலை போடுவோம், படத்துக்கு மாலை போட்டால் அவர் இறந்துவிட்டார் என்று அர்த்தம் என்று சொன்னேன். அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்ப நான் எல்லாரையும் கொன்னுட்டேனா?"

"அப்படியெல்லாம் இல்லலா."

"அந்த சீன அங்கிளையும் கொன்னுட்டேனே அக்கா. நான் வீட்டுக்குப் போறேன்."

"எங்கூட வா."

"வந்து என்ன சொல்றது?"

"எனக்கும் தெரியாது. எதுக்குப் போட்டியோ அதை அப்படியே சொல்லு."

ஒரு குவளையில் கோப்பி கலக்கிக்கொண்டு நான் மட்டும் முதலில் வெளியே போனேன். பாக்கியம் அக்கா கைப்பேசியில் மருமகனிடம் பேசிக்கொண்டிருந்தார். "காடிய எடுத்துக்கிட்டு வாய்யா. போவோம். இல்ல, ஒண்ணுமில்ல, நீ வா." கைப்பேசியை மடியில் வைத்தார். "இப்பத்தான் பார்க்கிங் கெடச்சிச்சாம் அவருக்கு" என்றார். சிரிக்கவில்லை.

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். குவளையை நீட்டினேன், அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படத்தை எறக்கிடச் சொல்லு தங்கச்சி" என்றார் அவர். "யாருக்கும் விக்க வேணாம். அந்தத் தம்பி சொல்லியிருக்காரு, வேணாம்னா எறக்கிடுவேன்னு."

"சரிக்கா."

"எனக்கு ஒரு வாரமா தூக்கம் இல்ல. கண்ண மூடுனா அவரைக் கூடத்துல படுக்க வச்சிருக்கற மாதிரியே வருது. யாருகிட்டயும் சொல்லல. இங்க வந்தாவது நாலு பேரோட சிரிச்சிப் பேசலாம்னுதான் வந்தேன். கதவத் தொறந்தா நான் பாத்ததே மாட்டியிருக்கு."

ஒன்றும் ஆகாது அக்கா என்ற வார்த்தை என் வாய் வரை வந்தது. எனக்கு எப்படித் தெரியும், ஒன்றும் ஆகாது என்று? நான் டாக்டரா? நமக்குத் தெரிந்ததை மட்டும்தான் சொல்ல வேண்டும். தெரிந்தது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"மாலைய போட்டது எங்ககூட வேல செய்யற சீனப் பொண்ணுக்கா. அதுக்கு நம்ம வழக்கம் தெரியாது. உள்ளதான் நிக்குது. வரச் சொல்லவா?"

பாக்கியம் அக்கா குவளையை வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. "வரச் சொல்லு" என்றார். "ஏன் போட்டான்னு நான் கேக்கணும்."

சியூ லான் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பசாரில் கடை வைத்திருப்பவர் என்பதால் பாக்கியம் அக்காவின் மலாய் என்னுடையதைவிடச் சுத்தம்.

"எதுக்கும்மா படத்துல போட்ட?"

"ஆன்ட்டி, நாங்க புதுக்கடை தொறந்தா பேர்ப்பலகைக்கு மேல செவப்புத் துணி கட்டுவோம். நல்லது நடக்கணும்னு. இன்னிக்குத் தொறப்பு விழா. கூடையில பூவு இருந்துச்சி, எண்ணிப் பாத்தா படத்துக்கு ஒண்ணு சரியா இருக்கு. உங்க ஆளுங்க துணிக்குப் பதிலா பூவு கட்டுவாங்கன்னு நெனச்சிட்டேன்."

"செத்தவங்க படத்துக்கு நீங்க என்ன போடுவீங்க?"

"ஊதுபத்தி கொளுத்துவோம். பழம் வைப்போம். செவப்பு போடவே மாட்டோம், ஆன்ட்டி. செவப்பு சாவுக்கு ஆகாது." சியூ லான் அப்போதுதான் நிமிர்ந்தாள். "அங்கிள் படத்துக்கு நான் பொறுக்கித்தான் போட்டேன். கூடையில ரோசா மாலை ஒண்ணுதான் இருந்துச்சி. அதுதான் நல்ல செவப்பு. அங்கிளுக்கு ஆபரேஷன்னு அக்கா சொல்லியிருந்தாங்க. அதனால அவருக்குப் போட்டேன்."

அதைக் கேட்டு எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவள் சிவப்பைப் பொறுக்கிப் போட்டது எனக்குத் தெரியாது. டீச்சர் சொல்ல நினைத்த பொய் எவ்வளவு நல்லதாக இருந்திருந்தாலும் இந்த உண்மைக்குப் பக்கத்தில் வந்திருக்காது. நான் பேசியிருந்தாலும் இது வந்திருக்காது. செய்தவர்தான் சொல்ல வேண்டும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். நம்மோடு வேலை செய்கிறவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவரைப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள். கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நில்லுங்கள், அது போதும்.

பாக்கியம் அக்கா இப்போது கோப்பியைக் குடித்தார். மெதுவாக, முழுவதையும் குடித்தார்.

"எங்க கடை தொறந்தப்ப, பக்கத்து இரும்புச்சாமான் கடை சீன மொதலாளி தவுக்கே செவப்புத் துணியக் கொண்டாந்து எங்க பலகையில கட்டிட்டாரு" என்றார் என்னிடம், தமிழில். "எங்க மாமியா ஒரே சத்தம், அவுத்துப் போடு அவுத்துப் போடுன்னு. நான் அவுக்கல. மழையில வெயில்ல வெளுத்து, அதுவா விழுந்துச்சி."

"ஏங்க்கா அவுக்கல?"

"ஆசையா வந்து கட்டுனாரு. எப்படி அவுக்கறது?"

உள்ளேயிருந்து தவில்காரர் குரல் கொடுத்தார். "பாக்கியம், இங்க ஃபேன் இருக்கு. வெயில்ல ஒக்காந்துக்கிட்டு எனக்கு ஆபரேஷன்ங்கற. உனக்குத்தான் ஆபரேஷன் பண்ணணும் போல."

அந்த நேரம் பார்த்து ஓவியர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போகாமலே வந்திருக்கிறார். கண் சிவந்திருந்தது. டீச்சர் வாசலிலேயே அவரிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் ஹெல்மெட்டைக்கூடக் கீழே வைக்கவில்லை, நேராகப் பாக்கியம் அக்காவிடம் வந்தார்.

"அக்கா, படத்த இப்பவே எறக்கிடறேன். நான் சொன்ன சொல்லு அப்படியே இருக்கு."

"நில்லுங்க தம்பி" என்றார் பாக்கியம் அக்கா. "யாரும் தொடாதீங்க."

எழுந்து உள்ளே போனார். கணவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். ஏணியில் இரண்டு படி ஏறி மாலையைத் தானே கழற்றினார். கழற்றும்போது படத்தின் முகத்தைப் பார்க்கவே இல்லை, சட்டத்தின் மேல் ஓரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்து மாலையைச் சியூ லானிடம் கொடுத்தார்.

"இதைக் கொண்டுபோய் கடல்ல விட்டுடு. அப்படியே உங்க துணிய வாங்கிட்டு வா. நீயே கட்டணும். நல்லா இறுக்கிக் கட்டு, ஒரு பக்கம் தொங்கக் கூடாது."

சியூ லான் ஓடினாள். மற்ற மாலைகளை நானும் டீச்சரும் கழற்றினோம். படத்தில் போட்டதைக் கழுத்தில் போட முடியாது, அதனால் வரவேற்புக்கு மாலையே இல்லை என்று ஆகிவிட்டது. டீச்சர் அதற்கெல்லாம் அசரவில்லை. பன்னீர் தெளித்து, சந்தனமும் கற்கண்டும் கொடுத்தே எல்லாரையும் வரவேற்றார். யாருக்கும் குறை தெரியவில்லை.

சியூ லான் பக்கத்துத் தெரு பூசைச் சாமான் கடையிலிருந்து நடுவில் பெரிய பூ மாதிரி முடிச்சு வைத்த சிவப்புத் துணியை வாங்கி வந்து, தவில்காரர் சட்டத்துக்கு மேல் கட்டினாள். பாக்கியம் அக்கா கீழே நின்று இடது பக்கம், வலது பக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மருமகன் காடியை எடுத்துக்கொண்டு வந்து, போகலாமா அத்தை என்று கேட்டார். "எதுக்குப் போறது? போயி காடிய நிப்பாட்டிட்டு வா" என்றார் பாக்கியம் அக்கா. அந்த மனிதர் மறுபடியும் பார்க்கிங் தேடிப் போனார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு கம்பி வாத்தியம் வாசிக்கிற கிழவர் வந்தார். தன் படத்தைப் பார்த்தார், தவில்காரர் படத்தைப் பார்த்தார். அவருக்கு மட்டும் சிவப்புத் துணி, எனக்கு ஏன் இல்லை என்று சியூ லானிடம் ஹொக்கியன் மொழியில் சண்டைக்கு வந்துவிட்டார். வயலின் அம்மாவும், அப்படியானால் எனக்கும் வேண்டும் என்றார். சியூ லான் மறுபடி ஓடினாள். விழா தொடங்கும்போது எல்லாப் படங்களுக்கு மேலும் சிவப்புத் துணி. சிறப்பு விருந்தினர் வந்து பார்த்துவிட்டு, ஏற்பாடு மிகவும் புதுமையாக இருக்கிறதே, யாருடைய யோசனை என்றார். டீச்சர் சியூ லானைக் கைகாட்டிவிட்டார். அவள் டீ அறைக்குள் போய் ஒளிந்துகொண்டாள். வெட்கத்தில் நான் தனியாள் இல்லை என்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

படத்தை விற்கிற பேச்சு பிறகுதான் வந்தது. தவில்காரர் முதலிலேயே சரி என்று சொல்லிவிட்டார். ஓவியர் பாக்கியம் அக்காவைப் பார்த்தார். கெப்பாலா பத்தாஸ் பாய் சற்றுத் தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"வித்துக்குங்க" என்றார் பாக்கியம் அக்கா. "அந்த மிஷினு நாலு பேர் உயிரைக் காப்பாத்தும்னா நான் குறுக்க நிக்க மாட்டேன். ஒண்ணே ஒண்ணு. இவரு ஆஸ்பத்திரியிலேருந்து தன் காலால நடந்து வந்து கையில குடுக்கற வரைக்கும் இந்தப் படம் வேற வீட்டுக்குப் போகக் கூடாது."

பாய் உடனே பதில் சொன்னார். "அண்ணன் நடந்து வரட்டும்க்கா. காசை இப்பவே குடுத்துர்றேன், மிஷினுக்குச் சொல்லிடுங்க. படம் எங்க ஓடிப் போவப் போவுது?"

பிரச்சினை எங்களுக்குத்தான், கண்காட்சி அந்த வாரத்தோடு முடிகிறது. கண்காட்சி முடிந்த அன்றே எல்லாப் படங்களும் காலியாக வேண்டும் என்பது மண்டபத்தின் சட்டம். ஸ்டோரில் வைத்தாலும் ஆகாது. இருட்டில், துணி போட்டு மூடி அந்தப் படத்தை வைத்திருக்கிறோம் என்று தெரிந்தால் பாக்கியம் அக்காவுக்கு மறுபடி தூக்கம் போய்விடும். அத்தனை வருடத்தில் நான் மேலாளர் அறைக்குப் போய் எனக்காக எதையும் கேட்டதில்லை. அன்று போனேன். நாங்கள் சாப்பிடுகிற அறையில் மாட்டிக்கொள்கிறோம் என்றேன். அவர் யோசித்துவிட்டு, யாரும் குழம்பை மேலே தெளிக்காமல் இருந்தால் சரி என்றார்.

ஆபரேஷன் வாரம் முழுக்கத் தவில்காரர் சாப்பாட்டு அறைச் சுவரில் எங்களோடுதான் இருந்தார். காலையில் சியூ லான் லைட்டைப் போட்டதும், ஹலோ அங்கிள் என்பாள். நான் சட்டத்தில் தூசி இல்லாமல் பார்த்துக்கொண்டேன். ஆபரேஷன் அன்று ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. சாயங்காலம் மருமகன் கூப்பிட்டார். நல்லபடியாக முடிந்தது, கண் திறந்துவிட்டார், முதலில் கேட்டது தண்ணீர், இரண்டாவது வெற்றிலை, அத்தை திட்டுகிறார் என்றார். சியூ லான் அன்று எல்லாருக்கும் நாசி லெமாக் வாங்கிக் கொடுத்தாள்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். நாம் இருக்கிற ஊரில் ஒருவருடைய நல்ல சகுனம் இன்னொருவருக்கு எப்படி இருக்கும் என்று யாராலும் முழுதாகத் தெரிந்துகொள்ள முடியாது. தப்பு வரும். வந்தால் பதறிக் கை வைக்காதீர்கள். மனம் நொந்தவரை அவசரப்படுத்தாதீர்கள். எதை எடுப்பது, எதை வைப்பது என்பதை அவரே சொல்லட்டும். நமக்கு அதுவரை பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

தவில்காரரும் பாக்கியம் அக்காவும் திரும்பி வந்த நாளையும் சொல்லிவிடுகிறேன். உடம்பு தேறிய பிறகு, ஒரு நாள் பகல் வேளையில் வந்தார்கள். முன்கூட்டியே பாய்க்குச் சொல்லியிருந்ததால் அவரும் வேனோடு வந்துவிட்டார். தவில்காரர் இளைத்திருந்தார், சட்டை தொளதொளவென்று இருந்தது. வாசற்படியில் மருமகன் கை கொடுக்கப் போனபோது, விடுய்யா, நடந்து வரணும்னு கண்டிஷன் இருக்கு என்று தானே ஏறி வந்தார். சாப்பாட்டு அறைக்குப் போய்ச் சுவரிலிருந்து படத்தை நானும் சியூ லானும் இறக்கிக் கொடுக்க, கீழ்ப்பக்கத்தை மட்டும் அவர் பிடித்துப் பாயிடம் கொடுத்தார். பாய் அதை மேசை மேல் சாய்த்து வைத்துக் கட்டுவதற்குக் கயிற்றை எடுத்தார்.

"கொஞ்சம் இருங்க பாய்" என்றார் பாக்கியம் அக்கா.

படத்துக்கு நேராக வந்து நின்றார். கையைப் பார்த்தார், தவிலைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். திரும்பிக் கணவரைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"மூக்கைக் கொஞ்சம் பெருசா போட்டுட்டாரு அந்தத் தம்பி."

"என் மூக்கு அப்படித்தான் இருக்கு."

"இல்ல. எனக்குத் தெரியாதா? இத்தனை வருசமா பாக்கறேன்."

"பாக்கறவ மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே. விழா அன்னிக்கே நின்னியே."

"அன்னிக்கு யாரு மூக்கைப் பாத்தா? திரும்புங்க. இந்தப் பக்கம். லைட்டுக்கு நேரா."

அவர் திரும்பி நின்றார். பாய் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மூக்கு விவகாரம் இப்போதைக்கு முடிகிற மாதிரி தெரியவில்லை. நான் பாய்க்கு ஒரு கோப்பி கலக்கப் போனேன்.